முழங்காலை மாற்றுவதற்கு முந்தைய மூன்று மாதம்

(மூத்த குடிமக்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமக்களே, வணக்கம்.

"எக்ஸ்ரேயில் மூட்டு முழுக்கத் தேய்ந்துபோச்சாம், உடனே ஆபரேஷன் பண்ணணுமாம்." முழங்கால் வலிக்காரர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இந்த வாக்கியத்தில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது. எலும்பு முறிந்தால் அவசரம். மூட்டுக்குள் சீழ் பிடித்தால் அவசரம். வயதோடு வரும் தேய்மானத்தில் அப்படி ஒரு அவசரம் இல்லை. முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் மூன்று மாதத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் கனத்தில் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. பஞ்சைப் போல அழுந்தும்போது நீரை விட்டு, விடும்போது உறிஞ்சி, மூட்டு நீரிலிருந்துதான் அது உணவு எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் "தேய்ஞ்சிருக்கு, நடக்காதே" என்று உட்கார வைப்பது தவறு. நடக்காத மூட்டு பட்டினி கிடக்கிறது. நரம்பில்லாத குருத்தெலும்பு வலிக்காது. அதன் அடியிலிருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும், தளர்ந்துபோன தசைகளுமே வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் நான்காம் நிலை, அதாவது மிக முற்றிய தேய்மானம் இருந்தும் கோயில் பிரகாரம் சுற்றி வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் நிலையிலேயே படியேற முடியாமல் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுக்கும்போது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: நின்றபடி, இரண்டு காலிலும் எடை போட்டு எடுக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் மூட்டு இடைவெளி இருப்பதுபோலவே தெரியும், தேய்மானத்தின் உண்மையான அளவு தெரியாது. எம்.ஆர்.ஐ. பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களை எடுத்துக்கொண்டால், வலியே இல்லாதவர்களுக்கும் அதில் மூட்டின் நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வில் கிழிசல் தெரிவது சகஜம். அதைக் காட்டி "துளை போட்டு உள்ளே சுத்தம் செய்துவிடலாம்" என்று சொன்னால் யோசியுங்கள். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்கு உண்மையிலேயே மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள், சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தையல் போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கவனித்ததில் மூன்று பிரிவினருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. முழங்கால் மடங்கிய இடத்திலேயே மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போகிறதென்றால் அது வேறு சங்கதி.

தேய்மானம் அல்லாத சிலவும் முழங்கால் வலியாக வரும். காலையில் எழுந்ததும் விரல் கணுக்களும் சேர்ந்து வீங்கி, ஒரு மணி நேரம் விறைப்பு விடாமல் இருந்தால் அது முடக்குவாதம் என்ற மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு, தள்ளிப்போடவும் கூடாது. முழங்கால் வலிக்கிறது, ஆனால் அங்கே வீக்கம் இல்லை, செருப்பு மாட்டக் குனிந்தால் தொடை இடுக்கில் இழுக்கிறது என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டின் வலி முழங்காலில் தெரிவது உண்டு.

இனி அந்த மூன்று மாதம். முதல் வேலை, முன் தொடைத்தசை. படிக்கட்டில் இறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். அது மெலிந்தால் பாரம் நேராக மூட்டில் இறங்கும். மூன்று பயிற்சி போதும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற காலை விறைப்பாக நீட்டி ஓரடி உயரம் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. இரண்டாவது, குதிகாலின் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முழங்காலின் பின்பக்கத்தைப் படுக்கையோடு அழுத்தி ஐந்து எண்ணுங்கள், இதுவும் பத்து முறை. கால் முழுதாக நீளும் திறனைக் காப்பாற்றுவது இதுதான். மூன்றாவது, கை வைக்காத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியவில்லையா, ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். வாரம் செல்லச் செல்ல அதை எடுத்துவிடலாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் சரி. வராவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பத்தாம் நாளே "பிரயோஜனம் இல்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம்.

இரண்டாவது, எடை. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. எண்பது கிலோ இருப்பவர் நான்கு கிலோ குறைத்தாலே வித்தியாசம் தெரியும். இரவுச் சோற்றையும் மாலைப் பலகாரத்தையும் குறைக்கலாம், பருப்பு, முட்டை, மோர், சுண்டலைக் குறைக்க வேண்டாம். தசைக்குப் புரதம் வேண்டும்.

மூன்றாவது, கைத்தடி. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பெரும்பாலோர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள், உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து பாரம் கூடுகிறது. செருப்புப் போட்டு நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். அடியில் ரப்பர் குமிழ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், எட்டோரிகாக்சிப் எல்லாம் வலியைக் குறைக்கும். ஆனால் ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், மருந்துக் கடையில் வாங்கி இவற்றையும் மாதக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். டைக்ளோஃபெனாக் களிம்பை முழங்காலில் தடவினால் ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு. அதை முதலில் முயலுங்கள். சேர்மானம் அச்சடிக்காத பொட்டலத்தில் பொடி வாங்கிச் சாப்பிடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மூட்டுக்குள் மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம் நிம்மதி தரும். சர்க்கரை நோயாளிக்கு ஊசி போட்ட சில நாள் சர்க்கரை ஏறும். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது. ஆகவே ஊசி போட்ட தேதியை அறுவை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் இரவில் வலி எழுப்புகிறது, வீட்டை விட்டு நூறடி போக முடியவில்லை, கால் வில்லாக வளைந்துகொண்டே போகிறது என்றால், அப்போது மூட்டு மாற்று சிகிச்சைக்குத் தயங்க வேண்டாம். அளவுக்கு மீறித் தள்ளிப்போடுவதும் தப்புதான். கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிட்டால், தசை வற்றிவிட்டால், புதிய மூட்டு வைத்தும் கால் முழுதாக நீளாமல் போகலாம். அறுபதுக்குக் கீழே இருந்து, உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், எலும்பை வெட்டி நேராக்கும் சிகிச்சையோ பாதி மூட்டு மாற்றுவதோ பொருந்துமா என்று கேளுங்கள்.

முழு மூட்டு மாற்று என்றதும் காலையே வெட்டி எடுப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். எலும்புகளின் தேய்ந்த முனையில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சீவி எடுக்கிறார்கள். மேலே கோபால்ட் குரோமியம் என்ற உலோகக் கலவையில் செய்த தொப்பி, கீழே உலோகத் தட்டு, நடுவில் பாலிஎத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக். எலும்போடு ஒட்ட எலும்பு சிமென்ட். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வார்கள், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு காலையும் ஒரே நாளில் மாற்றலாமா என்பது இதயம், நுரையீரல் நிலையைப் பொறுத்தது. பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 அக்டோபரில் ஒரு முழங்காலும் 2001 ஜூனில் மற்றொன்றும் மும்பையில் மாற்றப்பட்டன. தனித்தனியாகச் செய்வதில் குறைவு ஒன்றும் இல்லை. ரோபோ வைத்துச் செய்தால் வெட்டும் கோணம் துல்லியமாகிறது. அதனால் மூட்டு கூடுதல் ஆண்டுகள் உழைக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

செலவைப் பற்றி. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுக் கருவிகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. வழக்கமான கோபால்ட் குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். இப்போது நடப்பில் உள்ள உச்சவிலையைக் கேட்டு, ரசீதில் கருவியின் விலையைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். கருவியின் நிறுவனம், அளவு, தொகுதி எண் அச்சடித்த ஒட்டுத்தாளையும் கேட்டு வாங்கிக் கோப்பில் ஒட்டி வையுங்கள். பின்னாளில் பிளாஸ்டிக்கை மட்டும் மாற்ற நேர்ந்தால் அந்தத் துண்டுச்சீட்டு இல்லாமல் மருத்துவர் திண்டாடுவார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துவிட்டுப் பிறகு தனியார் பக்கம் போங்கள்.

தேதி குறித்தபின் கவனிக்க வேண்டியது கிருமிக்கு வாசல் எங்கே திறந்திருக்கிறது என்பதை. சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல், பித்தவெடிப்பு, விரலிடுக்குச் சேற்றுப்புண், உடம்பில் எங்காவது ஒரு கட்டி: எது இருந்தாலும் முதலில் அதை ஆற்ற வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.5க்குள் இருப்பது நல்லது. பீடி, சிகரெட், புகையிலையைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே விட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் மேற்கத்திய கழிப்பறை வேண்டும், பக்கத்தில் சுவரில் பதித்த கைப்பிடி வேண்டும். தரையில் விரித்த மிதியடிகளை எடுத்துவிடுங்கள். அரிசி டப்பாவும் பருப்பு டப்பாவும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே இருக்கட்டும். சம்மணம் போடுவதும் குந்துவதும் இனி இல்லை. பூஜை அறையில் ஒரு நாற்காலி போடுங்கள்.

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ வாக்கர் பிடித்து நடக்க வைப்பார்கள். வீட்டார் அன்பினால் செய்யும் பெரிய கெடுதல் ஒன்று உண்டு: முழங்காலின் அடியில் தலையணை வைப்பது. சுகமாக இருக்கும், ஆனால் கால் மடங்கியே இறுகிவிடும். தலையணை குதிகாலின் கீழே இருக்கட்டும். இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கும்போது 90 டிகிரி மடங்குவது இலக்கு. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள், வலியைப் பொறுத்துக்கொண்டு பயிற்சியைத் தவிர்ப்பதில் வீரம் இல்லை. ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம், நாளுக்கு நாலைந்து தடவை. காயத்தின் வெளிப்பக்கம் தோல் மரத்திருக்கும், அங்கே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். மாடிப்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். வீக்கமும் வெதுவெதுப்பும் மூன்று முதல் ஆறு மாதம் இருக்கலாம். தூக்கம் கெடுவதும் முதல் சில வாரம் இயல்பு.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் எண்ணெய் போட்டு உருவுவது உயிருக்கே ஆபத்து, உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய்விடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸ்.

காயத்தில் ஐந்து நாளுக்குப் பிறகும் நீர் கசிந்தால், சிவப்பு பரவினால், குறைந்துவந்த வலி திடீரென்று கூடினால் அறுவை செய்த மருத்துவரிடமே போக வேண்டும். தெருமுனை மருத்துவரிடம் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடாதீர்கள். மூட்டு நீரை எடுத்துச் சோதிப்பதற்கு முன்பே மருந்து உள்ளே போனால் என்ன கிருமி என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். கிருமி உலோகத்தின்மேல் படலம் கட்டிக்கொண்டால் மாத்திரை அங்கே எட்டாது. தொடக்கத்திலேயே வந்தால் கழுவிக் காப்பாற்றலாம், தாமதித்தால் மூட்டையே கழற்ற வேண்டியிருக்கும். இந்தத் தொற்று நூற்றில் ஒருவருக்கு வருவது. பத்தாண்டு கழித்தும் வரலாம்.

மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்பார்கள். 2019இல் லான்செட் என்ற மருத்துவ இதழ் வெளியிட்ட கணக்குப்படி முழு மூட்டு மாற்றுகளில் நூற்றுக்கு 82, இருபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் நிற்கின்றன. ஆனாலும் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி அடைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்பே தொடைத்தசையைப் பலப்படுத்தி வருபவர் சீக்கிரம் எழுந்து நடக்கிறார், மூன்று மாதம் வீணாகவில்லை என்பது அங்கே தெரியும். சிலருக்கு அந்த மூன்று மாதத்திலேயே வலி தாங்கும் அளவுக்கு வந்து, அறுவை சில ஆண்டுகள் தள்ளிப்போகும்.

பிற்பாடு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், வலி இல்லாவிட்டாலும். விழாமல் இருப்பதும் முக்கியம். மாற்றிய மூட்டுக்கு மேலே எலும்பு முறிந்தால் அதைச் சேர்ப்பது கடினமான வேலை. குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பு, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு இரண்டும் வேண்டும். கண்ணில் புரை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.