தண்ணீரில் நிற்கும் தெரு

நேயர்களுக்கு வணக்கம். கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் வீடுகளைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பேசுகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீரில் மிதக்கும் வீட்டைவிட, அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேரும் பாதையைப் பற்றித்தான்.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குக் கிழக்கே ஐபர்க் என்றொரு புறநகர் இருக்கிறது. ஏரியில் மணலைக் கொட்டி, செயற்கைத் தீவுகளாக எழுப்பிய ஊர். அங்கே ஒரு பகுதியில் வீடுகள் மணலில் இல்லை, நீர்ப்பரப்பிலேயே மிதக்கின்றன. மார்லிஸ் ரோமர் என்ற பெண் கட்டடக்கலைஞர் வடிவமைத்த இந்தக் குடியிருப்பு 2011-ல் முடிந்தது. படகு வீடு என்றதும் மரப்பலகையும் ஓலைக் கூரையும் உங்கள் மனக்கண்ணில் வரலாம். இவை அப்படியல்ல. கண்ணாடியும் வெள்ளைப் பலகைகளுமாக நிமிர்ந்து நிற்கும் மூன்று அடுக்கு வீடுகள். கீழடுக்கில் பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. படுக்கையறைகள் அங்கேதான். ஜன்னலைத் திறந்தால் ஏரியின் மட்டம் ஏறத்தாழ மார்பளவில் தெரியும்.

இவற்றில் எதையும் அந்த இடத்தில் கட்டவில்லை. சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு கப்பல் கட்டும் தளத்தில் கட்டினார்கள். முதலில் கான்கிரீட் தொட்டி, அதன்மேல் எஃகுச் சட்டம், பிறகு சுவர், கூரை, ஜன்னல், குளியலறை. எல்லாம் முடிந்தபின் இழுவைப் படகில் கட்டி இழுத்து வந்தார்கள். வழியில் மதகறைகள் உண்டு. இரண்டு நீர்மட்டங்களுக்கு இடையே படகை ஏற்றி இறக்கும் குறுகலான கதவறைகள் அவை. அவற்றின் வழியே நுழைய வேண்டுமென்றால் வீட்டின் அகலம் ஆறரை மீட்டரைத் தாண்டக் கூடாது. ஆக, கூடத்தில் சோபாவை எங்கே போடலாம் என்பதை முடிவு செய்தவர்களில் பழைய மதகு கட்டியவரும் ஒருவர்! தொகுதி வீடு, அதாவது தொழிற்சாலையில் செய்து இடத்துக்குக் கொண்டுவந்து பொருத்தும் வீடு, எங்கே போனாலும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். தரையில் லாரியும் பாலமும் அளவைத் தீர்மானிக்கின்றன, நீரில் மதகு தீர்மானிக்கிறது.

இனி எடைக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, தொட்டி 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 60 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ வேண்டுமானால் 600 கிலோ ஏற்ற வேண்டும். பரவாயில்லையே என்று தோன்றும். சிக்கல் அமிழ்வதில் இல்லை, சாய்வதில் இருக்கிறது. புத்தக அலமாரிகளையும் பியானோவையும் ஒரே பக்கச் சுவரோரம் வைத்தால் வீடு அந்தப் பக்கம் சாயும். தரையில் விட்ட கோலிக்குண்டு தானாக உருளும். அதனால் கனமான பொருள்கள் எங்கே நிற்கப்போகின்றன என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். பிறகு மாற்றினால் எதிர்ப்பக்கத்தில் பாரம் ஏற்றியோ, மிதவை கட்டியோ சமன் செய்ய வேண்டும். மாமியார் வீட்டுச் சீராக ஒரு தேக்குக் கட்டில் வந்தால் பொறியாளரையும் கூப்பிட வேண்டியதுதான்.

நகர்ந்து போகாமல் இருக்க, ஏரியின் அடியில் அறைந்த இரண்டு எஃகுத் தூண்கள் வீட்டின் எதிரெதிர் மூலைகளில் நிற்கின்றன. வளையல் போல அவற்றைச் சுற்றிய பிடிப்புகளில் வீடு மேலும் கீழும் வழுக்கும். வெள்ளம் வந்தால் வீடு எழும், வடிந்தால் இறங்கும். இதே நாட்டில் மாஸ் ஆற்றங்கரையிலுள்ள மாஸ்பொம்மல் என்ற ஊரில், 2005-ல் கட்டிய வீடுகள் இதை ஒரு படி தள்ளிச் செய்தன. சாதாரண நாள்களில் அவை தரையில் உட்கார்ந்திருக்கும். ஆறு பெருகினால் மட்டும் மிதக்கும். ஐந்தரை மீட்டர் வரை எழும்படி அமைத்தார்கள். 2011 வெள்ளத்தில் சோதனை நடந்துவிட்டது. வீடுகள் எழுந்து, பின்பு தம் இடத்தில் இறங்கின.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. வீடு எழுகிறது, இறங்குகிறது, சரி. குடிநீர்க் குழாய் என்ன ஆகும்? சாக்கடை? மின்கம்பி? வீட்டோடு சேர்ந்து அவையும் எழுந்து இறங்க வேண்டும். உறைபனிக் காலத்தில் உறையக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேற ஒரே வழி வாசலில் இருக்கும் நடைபாலம்தான், அதன்மேல் தீயணைப்பு வண்டி ஏறாது. இவ்வளவையும் சுமப்பது அந்த ஒடுங்கிய நடைபாலம். பத்திரிகைகளில் வரும் படங்களில் அது வெறும் பலகையாகத் தெரியும். என் கணக்கில் திட்டத்தின் மூளையே அதுதான்.

ஆம்ஸ்டர்டாமின் வடக்குப் பகுதியில், பழைய தொழிற்சாலைக் கால்வாய் ஒன்றில் மிதக்கும் ஸ்கோன்ஸ்கிப் என்ற குடியிருப்பில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மர்யான் த பிளோக் என்ற தொலைக்காட்சி இயக்குநர் தொடங்கிவைத்த யோசனை அது. நண்பர்கள் சேர்ந்தார்கள், குழுவானார்கள். முதல் வீடுகள் வந்து சேர்ந்தது 2018 இறுதியில். ஏறத்தாழ பத்தாண்டுக் காத்திருப்பு. வீடு கட்ட அவ்வளவு காலம் ஆகாது. இடம் பிடிக்கவும் அனுமதி வாங்கவும் கடன் தரும் வங்கிக்குப் புரியவைக்கவும்தான் ஆகும்.

அங்கே 30 நீர்மனைகளில், அதாவது நீர்ப்பரப்பில் பிரித்துக் கொடுத்த மனைகளில், 46 குடும்பங்கள் இருக்கின்றன. நடைபாலத்துக்கு அடியில் எல்லா இணைப்புகளும் ஓடுகின்றன. 500-க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள், வீட்டுக்கு வீடு மின்கலம். ஒரு வீட்டில் மிஞ்சும் மின்சாரம் அடுத்த வீட்டுக்குப் போகிறது. நாட்டின் மின்கட்டமைப்புடன் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓர் இணைப்புதான். கால்வாய் நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப்புகள் 30. கழிவறை நீருக்கு ஒரு குழாய், குளியல், சமையலறை நீருக்கு வேறு குழாய். வெற்றிடத்தால் உறிஞ்சும் கழிவறை என்பதால் நீர்ச் செலவும் குறைவு. இதில் எந்தக் கருவியும் புதிதல்ல. அண்டை வீட்டாரோடு மின்சாரக் கணக்கைப் பங்கிட்டுக்கொள்ளச் சம்மதிக்கும் 46 குடும்பங்கள்தான் அரிது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தில், காயலில் கால் நட்டு நிற்கும் மக்கோக்கோ என்ற குடியிருப்பு இருக்கிறது. அங்கே 2013-ல் குன்லே அடேயெமி என்ற கட்டடக்கலைஞர், பிளாஸ்டிக் பீப்பாய்களின் மேல் மரச்சட்டத்தில் ஒரு மிதக்கும் பள்ளியை எழுப்பினார். முக்கோண வடிவம், மூன்று தளம், எளிய பொருள்கள். உலகமே பாராட்டியது. அதே வடிவத்தின் மறுபதிப்பு ஒன்றுக்கு 2016 மே மாதம் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் வெள்ளிச் சிங்க விருது கிடைத்தது. சில நாள்களில், ஜூன் மாதத்து மழையில், லாகோஸில் இருந்த மூலப் பள்ளி சரிந்து விழுந்தது. நல்லவேளை, அதற்கு முன்பே பயன்பாட்டை நிறுத்தியிருந்ததால் உள்ளே யாரும் இல்லை. சூரிய ஒளி, மழைநீர்ச் சேமிப்பு, இயற்கைக் காற்றோட்டம் என்று வரைபடத்தில் எல்லாமே இருந்தன. பழுதுபார்க்கும் பொறுப்பையும் அதற்கான பணத்தையும் ஆண்டுதோறும் ஏற்க ஓர் ஏற்பாடு வேண்டும், அது வரைபடத்தில் வராது. வடிவத்தைக் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. விருதுக் குழுக்களைத்தான் கொஞ்சம் குறை சொல்வேன்.

ஆம்ஸ்டர்டாமுக்கு இன்னொரு வசதி, அதன் தண்ணீர் அடங்கிய தண்ணீர். மதகும் பம்பும் வைத்து மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அலையும் வேகமான ஓட்டமும் இல்லாத நீரில் மிதப்பது ஒன்று, மரக்கிளையும் குப்பையும் அடித்துக்கொண்டு வரும் ஆற்றில் மிதப்பது வேறு. விலையும் குறைவல்ல. நீர்மனைக்கும் பணம் கட்ட வேண்டும். ஏழைகளின் வீட்டுப் பிரச்சினைக்கு இது தீர்வு என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். கான்கிரீட் தொட்டிக்குச் செலவாகும் சிமெண்டையும் பசுமைக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். அதேசமயம், இரும்புப் படகைப் போல அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூச வேண்டியதில்லை என்பதையும் எழுத வேண்டும்.

நீர்முனை நகரங்களின் பொறியாளர்கள் ஆம்ஸ்டர்டாமின் இந்த இரண்டு குடியிருப்புகளுக்கும் அடிக்கடி போய் வருகிறார்கள். போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வீட்டுக்குள் நுழைந்து படம் எடுப்பதற்குமுன், நடைபாலத்தின் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் குழாய்களில் ஒன்று கசிந்தால் அதைச் சரிசெய்ய வருவது யார், கூலி கொடுப்பது யார் என்று அங்கேயே கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.