கிலோ என்ன விலை?

(நுகர்வோர் மன்ற ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மன்றத் தலைவர் அவர்களே, ஆண்டுக் கணக்கைக் காசு பிசகாமல் வாசித்து முடித்த பொருளாளர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் உரையில் பாதியைச் சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, பின்வரிசையில் தோளிலிருந்து பையை இறக்காமல், எப்போது முடியும், எப்போது கடைக்குப் போகலாம் என்று காத்திருக்கும் தாய்மார்களே, அவர்களுக்குத் துணையாக வந்து கைப்பேசியில் ஆழ்ந்திருக்கும் கணவன்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மையாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது. இந்த அரங்கை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார்கள். சிக்கனத்தைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான நன்கொடை இருக்க முடியாது. மின்விசிறிகளில் பாதியை நிறுத்தியும் வைத்திருக்கிறார்கள். அது தலைப்புக்கு மரியாதையா, பழுதா என்று நான் விசாரிக்கவில்லை. நீதிபதி ஐயாவோ எந்த வாதத்தையும் 'கணக்கு எங்கே?' என்று கேட்ட பிறகுதான் காது கொடுப்பார் என்று அவரிடம் வாதாடிய வழக்கறிஞர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் முன்னிலையில் வீட்டுக் கணக்கைப் பேசுவது எனக்குக் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கிறது. துணைத் தலைவர் இருவரும் வந்திருக்கிறார்கள். ஒருவரை மட்டும் சொன்னால் இன்னொருவர் வருந்துவார், ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். இதுவும் சிக்கனம்தான்.

'வீட்டுச் செலவில் சிக்கனம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து விஷயங்கள் பேசப்போகிறேன். ஒன்று, கடைக்குப் போகும் முன் எழுதும் பட்டியல். இரண்டு, கடையில் விலை பார்ப்பது. மூன்று, சமையலறையில் வீணாவது. நான்கு, மின்சாரமும் தண்ணீரும். ஐந்து, தவணைக்கும் கடன் அட்டைக்கும் வாங்கும் பழக்கம். ஐந்துக்கும் சேர்த்து என்னிடம் இருப்பது ஒரே பழமொழி: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என் கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் கடைக்காரர்கள் மட்டும் கேட்பதாக இல்லை. ஆகவே விடப்போவதில்லை.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கடைக்குக் கிளம்பும் முன் அலமாரியையும் குளிர்சாதனப் பெட்டியையும் திறந்து பாருங்கள். இருப்பதை எழுதாதீர்கள், இல்லாததை எழுதுங்கள். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904இலேயே குடும்பப் பெண்களுக்காக வரவு செலவுக் குறிப்பேடு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். அந்த வழக்கம் அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. செயலி வைத்திருக்கிறேன் என்று இளைஞர்கள் சொல்வீர்கள். வைத்திருங்கள். ஆனால் அதைத் திறந்து பாருங்கள்.

இனி இரண்டாவது. உண்மையில் நான் மேடை ஏறியதே இதற்காகத்தான்.

ஒரு காலத்தில் கடை என்றால் என்ன? நாம் இந்தப் பக்கம், சரக்கு அந்தப் பக்கம், நடுவில் தராசு. 'கிலோ என்ன விலை?' என்று கேட்போம். அவர் சொல்வார். நாம் முகம் சுளிப்போம். அவர் கொஞ்சம் குறைப்பார், அல்லது பக்கத்துக் கடைக்குப் போகச் சொல்வார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்ற கடையைத் திறந்து, 'நீங்களே உள்ளே போய் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். பெரிய புரட்சிதான், மறுக்கவில்லை. பிறகு 1937இல் ஓக்லஹோமா நகரில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர் கவனித்தார்: கையிலிருக்கும் கூடை கனத்தால் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். உடனே சக்கரம் வைத்த வண்டியைக் கொண்டுவந்தார். முதலில் யாரும் அதைத் தொடவில்லை. பார்த்தார் மனிதர், ஆட்களைக் கூலிக்கு அமர்த்தி, வாடிக்கையாளர் போலக் கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவிட்டார். மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள். இன்று நாம் தள்ளுகிறோமே, அந்த வண்டிதான். கை வலித்தால் வாங்குவதை நிறுத்துவோம் என்ற ஒரே பாதுகாப்பும் அன்றோடு போயிற்று.

தராசு போனதும் கூடவே ஒரு கேள்வியும் போய்விட்டது. இப்போது எல்லாம் பொட்டலம். பொட்டலத்துக்கு விலை உண்டு. கிலோவுக்கு என்ன விலை என்று கேட்க எதிரே ஆள் இல்லை.

இங்கே என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், அவர் மனைவியும் கொடுத்திருக்கிறாள். அவள் கொடுத்தது கொஞ்சம் அதிக உற்சாகத்தோடு. மனிதர் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரார் கணக்கில் எல்லாம் ஓட்டை கண்டுபிடித்தவர். ஒரு நாள் ஐந்து கிலோ சோப்புத் தூள் பொட்டலம் ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொட்டலத்தின் மேல் பெரிய மஞ்சள் எழுத்தில் 'சேமிப்புப் பொட்டலம்' என்று போட்டிருந்தது. 'மச்சான், பார்த்தீங்களா! ஆறு மாசத்துக்குக் கவலையில்லை' என்றார் என்னிடம். என் தங்கை ஒன்றும் பேசவில்லை. பில்லை வாங்கினாள். உள்ளே போனாள். தான் போன வாரம் வாங்கிய ஒரு கிலோ பொட்டலத்தின் பில்லோடு வந்தாள்.

'ஏங்க, இதே தூளை ஒரு கிலோவா அஞ்சு வாங்கியிருந்தா, இதைவிடக் குறைச்சலா முடிஞ்சிருக்கும்' என்றாள்.

'இருக்க முடியாதும்மா. பெரிசா வாங்கினா மலிவு. அது உலக நியதி.'

'உலக நியதிக்குப் பில் இருக்கா?'

அவ்வளவுதான். தணிக்கைத் துறையின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது. பொட்டலத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டார், சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். கடைக்குப் போனோம். கழுத்துப்பட்டை கட்டிய மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். 'சார், பெரிசு எப்பவுமே லாபம்தான் சார்' என்றார் புன்னகையோடு. என் மைத்துனர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு வெற்றி இருந்தது. 'கணக்குப் போட்டுச் சொல்லுங்க' என்றேன் நான். மேற்பார்வையாளர் கைப்பேசியை எடுத்துத் தட்டினார். புன்னகை கொஞ்சம் குறைந்தது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். கைப்பேசி சரியில்லை என்று பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டார். அவன் கைப்பேசியும் சரியில்லை. மூன்றாவதாக ஒருவர் வந்தார். சோப்புத் தூள் அலமாரிக்கு முன்னால் ஒரு சின்ன மாநாடே கூடிவிட்டது. மூன்று பேர் கைப்பேசியும் ஒரே பதிலைத்தான் சொல்லித் தொலைத்தது. கடைசியில் மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமி, 'இது கம்பெனி போடற விலை சார்' என்றார். அப்போது பில் போடும் இடத்தில் இருந்த அம்மா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: 'நாங்க எல்லாரும் சின்னதுதான் சார் வாங்குவோம்.'

சிரித்து முடித்தவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன். என் மைத்துனர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மானம் இருக்கிறதே! வீட்டுக்கே கொண்டுவந்தார். அது தீரும்வரை எங்கள் குடும்பத்தில் அதற்குப் பெயரே 'உலக நியதி'தான். 'அந்த உலக நியதியிலேருந்து ரெண்டு கரண்டி எடுத்துப் போடுங்க' என்பாள் என் தங்கை.

பெரும்பாலும் பெரிய பொட்டலம் மலிவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எப்போதும் அல்ல. அந்த 'எப்போதும்' என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. ஒரு நிறுவனம் 850 கிராம் போடுகிறது, இன்னொன்று 900 கிராம், மூன்றாவது ஒரு கிலோவுக்கு நூறு கிராம் இலவசம் என்கிறது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் வண்டி. இதை யார் வகுத்துப் பார்ப்பது? இன்னொன்றும் நடக்கிறது. விலையை ஏற்றினால் நாம் கத்துவோம் என்று தெரியும். ஆகவே விலையை அப்படியே வைத்துவிட்டு எடையைக் குறைக்கிறார்கள். பொட்டலம் அதே அளவு, உள்ளே காற்று கொஞ்சம் கூடுதல். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள் பெரியவர்கள். அளக்கவே விடாமல் செய்தால் எப்படி அளப்பது?

நான் கேட்பது ஒரே ஒரு எண். அலமாரியில் விலை ஒட்டியிருக்கிறார்களே, அதன் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று ஒட்டுங்கள். இது என் கற்பனை அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 1998இலேயே இதற்கு ஆணை போட்டது: பொருளின் விலையோடு ஓர் அலகின் விலையையும் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியா 2009இல் பெரிய மளிகைக் கடைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. சில நாடுகளில் பொட்டலத்தின் மேல் அச்சிட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். அச்சிடுகிறார்கள். எங்கே? ஓரத்தில், ஒட்டு மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு மட்டும் படிக்கக்கூடிய எழுத்தில். சட்டம் இருக்கிறதா என்பதல்ல என் கேள்வி. கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று வசதி உள்ளவர்கள் நினைக்கலாம். 1857இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் பெல்ஜியத் தொழிலாளர் குடும்பங்களின் செலவுக் கணக்குகளை ஆராய்ந்தார். இவர் மார்க்ஸின் நண்பர் அல்ல, அவர் எங்கெல்ஸ். குழப்பிக்கொண்டு கூட்டம் முடிந்ததும் என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். இவர் கண்டது இதுதான்: வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடுகிறது. அப்படியானால் கடையில் நடக்கும் ஒவ்வொரு சின்ன ஏமாற்றும் யார் தலையில் அதிகமாக விழுகிறது? சின்னப் பொட்டலம் மட்டுமே வாங்க முடிகிறவரிடம் அந்த எண்ணைக் காட்டினால் அவர் மட்டுமாவது ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடுப்பார் அல்லவா?

1844 டிசம்பரில் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் காசு சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சரக்குதான். கலப்படம் இல்லாத பொருள், குறையாத எடை, இதுதான் அவர்கள் கொடுத்த வாக்கு. லாபத்தை வாங்கியவர்களுக்கே அவரவர் வாங்கிய அளவுக்குத் தகுந்தபடி பிரித்துக் கொடுத்தார்கள். உலகக் கூட்டுறவு இயக்கமே தன் பிறப்பை அந்தச் சின்னக் கடையில் போய்த்தான் காட்டுகிறது. எடைக்காக 28 பேர் கூடினார்கள். நாம் இங்கே அதைவிட அதிகமாகவே இருக்கிறோம்.

பொருளாளர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். பார்த்துவிட்டேன் ஐயா.

மூன்றாவது, வீணாவது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது: 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ, வீட்டில் மட்டும். கடைக்காரரோடு ஒரு கிலோவுக்குச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக் குப்பைக் கூடையில் 79 கிலோ போடுகிறோம். புதிதாக வாங்கியதைப் பின்னால் வையுங்கள், பழையதை முன்னால் இழுங்கள். ஆப்பிளும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை விடுகின்றன, பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துப் பழுக்கவைத்துவிடும். ஆகவே கீரையோடு வைக்காதீர்கள். பொட்டலத்தில் தேதி பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக' என்றால் அது பாதுகாப்பு, தாண்டக் கூடாது. 'இந்தத் தேதிவரை தரம் சிறப்பாக இருக்கும்' என்றால் அது சுவை, மணம் பற்றிய பேச்சு. மறுநாளே எடுத்து எறிய வேண்டியதில்லை. இந்த இரண்டு தேதிகளையும்கூடப் பெரிய எழுத்தில் போடச் சொல்லலாம். அலகு விலை கேட்கும் நம் மனுவில் சேர்த்துவிடலாமா செயலாளர் அவர்களே? தலையசைக்கிறார், சேர்ந்துவிட்டது.

சோப்புத் தூளையும் அளந்தே போடுங்கள். நுரை கூடினால் அழுக்கு கூடுதலாகப் போவதில்லை, அலசும் தண்ணீர்தான் கூடுதலாகப் போகிறது. மறுபடியும் பழமொழிக்கு வந்துவிட்டேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு, துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டாலும் அளந்து போடு.

மணி அடித்தாயிற்று. மின்சாரத்துக்கு ஒரே ஒரு கணக்கு: ஒரு வாட் ஓராண்டு முழுக்க ஓடினால் 8.76 யூனிட். தொலைக்காட்சி, சார்ஜர் என்று தூங்கிக்கொண்டே மின்சாரம் குடிக்கும் சாமான்கள் உங்கள் வீட்டில் எத்தனை என்று இன்றிரவு எண்ணிப் பாருங்கள். தவணையையும் கடன் அட்டையையும் பற்றி நான் பேச வந்ததை நீதிபதி ஐயா தம் தலைமை உரையில்... மன்னிக்கவும், தலைமை உரை தலைவருடையது, ஐயாவுடையது சிறப்புரை. அதில் அவர் சொல்வார் என்று நம்புகிறேன். வட்டி வழக்குகள் என்னைவிட அவர்தான் அதிகம் பார்த்திருப்பார்.

வாசலுக்கு இடப்பக்கம் மேசையில் மனு இருக்கிறது. அலமாரியில் அலகு விலை, விலைக்குச் சமமான எழுத்தில். இப்போது புதிதாகத் தேதியும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டாரையும் அழைத்து வாருங்கள். கடைக்காரர் யாராவது அவையில் இருந்தால் அவரும் போடலாம், விரட்டமாட்டோம். மேசையில் இருப்பது செயலாளருடைய சொந்தப் பேனா. கையெழுத்துப் போட்டதும் அங்கேயே வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். நன்றி, வணக்கம்.