காலாப்பட்டு கேம்பஸ்ல முதல் மாசம்: எதை முதல்ல பிடிக்கணும்?

[காட்சி: ஈ.சி.ஆர்., பல்கலைக்கழக நுழைவாயில்]

குரல்: புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துல முதுகலை சேர்ந்திருக்கீங்களா? செமஸ்டர் பரீட்சை அப்புறம். முதல்ல இன்டர்னலை, அதாவது செமஸ்டர் நடக்கும்போதே துறையில போடுற மார்க்கைப் பாருங்க.

[திரையில்: இன்டர்னல் 40 + செமஸ்டர் 60]

மொத்தம் 70 வாங்கணும்னு வைங்க. இன்டர்னல்ல 34 இருந்தா பரீட்சையில 60-க்கு 36 போதும். 22-லயே நின்னுட்டா 48 எடுக்கணும். அந்த 12 மார்க் பெரும்பாலும் கோட்டை விடுறது செமினார்லதான். தலைப்பை ரெண்டாவது வாரமே ஆசிரியர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க. கடைசியில போனா வேண்டிய புத்தகம் எல்லாம் வேற யார் கையிலயாவது இருக்கும். பேச 15 நிமிஷம் கிடைச்சா 8 ஸ்லைடு தாராளம். ஸ்லைடுல இருக்குறதையே வாசிச்சா, முதல் கேள்விக்கே முழி பிதுங்கும்.

[காட்சி: மழையில பஸ் ஸ்டாண்ட்]

அட்டெண்டன்ஸ் 70 சதவீதம் வேணும். ஒரு பாடத்துக்கு வாரம் 4 மணி நேரம், 15 வாரம்னா மொத்தம் 60 மணி நேரம். விடக்கூடியது 18 மணி நேரம்தான். கடலூர்ல இருந்து தினம் வர்றவங்க இதை ஆகஸ்ட்லயே செலவழிச்சுடாதீங்க. அக்டோபர், நவம்பர்ல மழை பிடிச்சா பஸ் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?

அடுத்து சாஃப்ட்கோர், அதாவது நாமளே தேர்ந்தெடுக்குற விருப்பப் பாடம். வேற துறையில போய்ப் படிக்க இதுதான் வழி. "மார்க் ஈஸியா போடுவாங்களா?"ன்னு சீனியரைக் கேட்டு எடுக்குறவங்கதான் அதிகம். அது வீண். பாடத்திட்டத்தை வாங்கிப் படிங்க, முதல் ரெண்டு வகுப்புல உட்கார்ந்து பாருங்க, டைம்டேபிள் உங்க ஹார்ட்கோரோட (கட்டாயப் பாடத்தோட) மோதுதான்னும் பாருங்க. சமூகவியல் படிக்கிறவங்க புள்ளியியல் எடுத்தா, ஆய்வேடு எழுதுறப்ப அந்தக் கஷ்டம் கை கொடுக்கும். மாத்தணும்னா கடைசித் தேதிக்குள்ள மாத்திடுங்க.

[காட்சி: ஆனந்தரங்கப் பிள்ளை நூலகம்]

காசு கேட்கிற ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பணம் கட்டிடாதீங்க. பல்கலைக்கழகம் சந்தா கட்டுற இதழ்கள் கேம்பஸ் இணையத்துல திறக்கும். வீட்டுல இருந்து படிக்க வழி உண்டான்னு நூலகத்துல கேளுங்க. பழைய பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்துல இலவசம். உங்க தலைப்புல ஒண்ணை எடுத்து, கடைசியில இருக்குற நூற்பட்டியலை முதல்ல பாருங்க. பாதி தேடல் அங்கேயே முடிஞ்சிடும்.

வரலாறு, சமஸ்கிருதம், தமிழ் படிக்கிறவங்க டவுனுக்குள்ள செயின்ட் லூயி தெருவுக்கும் போகணும். 1955-ல தொடங்கின பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோட சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு, 2005-ல யுனெஸ்கோவோட 'உலக நினைவகம்' (Memory of the World) பட்டியல்ல சேர்ந்தது. போறதுக்கு முன்னாடி என்ன தேடுறீங்கன்னு நாலு வரியில மெயில் அனுப்புங்க. போகும்போது அடையாள அட்டையும் துறைத்தலைவர் கடிதமும் கையில இருக்கட்டும்.