பிள்ளை எத்தனை கிராம் கூடியிருக்கு?

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கண் டாக்டர். ஆனால் இன்றைக்கு அதிகமும் பேசப்போவது பாலையும் எடையையும் பற்றி, நடுவில் சாளை மீனும் வரும்.

குறைமாதப் பிள்ளைகளின் கண்ணைப் பார்க்க வார்டுக்குள் போகும்போதெல்லாம் வாசலில் நிற்கிற அம்மச்சிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "பிள்ளை எத்தனை கிராம் கூடியிருக்கு டாக்டர்?" கண் டாக்டரிடம் போய் இதைக் கேட்கிறார்களே என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது நர்ஸிடம் நானே முதலில் கேட்பது அதைத்தான்.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள், கரு 16 வாரம் இருக்கும்போது கண்ணின் பின்பக்கம் நடுவிலிருந்து கொடி மாதிரி படர ஆரம்பிக்கும், ஓரம் வரை போய்ச் சேரும்போது ஏறக்குறைய 40ஆவது வாரம் ஆகியிருக்கும். 30 வாரத்திலேயே பிறந்துவிட்டால் கொடி பாதிவழியில் நின்றுபோகலாம். அப்புறம் ரத்தம் எட்டாத பகுதி பசியில் தவிக்க, குழாய்கள் தாறுமாறாக முளைத்து, முற்றினால் விழித்திரையையே பிடித்து இழுத்துவிடும். ஃபைலில் ஆர்.ஓ.பி. என்று எழுதுகிறோமே, அது இதுதான்.

கொடி நிற்காமல் வளர ஐ.ஜி.எஃப்.-1 என்ற புரதம் வேண்டும். குறைமாதத்தில் பிறந்ததும் அது சட்டென்று இறங்கிவிடும், பிள்ளை பால் குடித்து எடை போடப் போடத்தான் திரும்ப ஏறும். ஆக, அம்மச்சியின் கிராம் கணக்கு கண்ணுக்கும் கணக்குதான்.

தாய்ப்பால் கிடைக்கிற பிள்ளைகளுக்குக் கடுமையான ஆர்.ஓ.பி. குறைவாக வருவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கிருமித்தொற்று குறைவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால் பிழிந்தெடுத்துக் குழாய் வழியே 2 மில்லிதான் போகிறது என்றாலும் சலிக்காதீர்கள். நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்கிற கங்காரு முறையில் பாலும் ஊறும், எடையும் ஏறும்.

சரி, சாளை. 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு டி.எச்.ஏ., அராக்கிடோனிக் அமிலம் என்ற இரண்டு கொழுப்புகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சுவீடன் ஆய்வு ஒன்று 2021இல் வந்தது, கடுமையான ஆர்.ஓ.பி. ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அந்த டி.எச்.ஏ. நம் குளச்சல் சாளையில் தாராளமாக உண்டு, தாய் மீன் தின்றால் பாலிலும் கூடும். சாளை தின்றால் ஆர்.ஓ.பி. வராது என்று நான் சொல்லவில்லை, அதை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் பத்தியம் என்று பெற்றவளிடமிருந்து மீன்சட்டியை ஒளித்துவைக்கிறீர்களே, அதற்கு எந்த நியாயமும் இல்லை.

"ஆக்சிஜன் வச்சுதான் கண்ணு போச்சு" என்பது பாதி உண்மை. 1940களில் அளவில்லாமல் கொடுத்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்வையிழந்தார்கள். பிறகு பயந்துபோய் ஒரேயடியாகக் குறைத்தபோது உயிர்களே போயின. இப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறோம். மானிட்டர் 100 காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், ஆக்சிஜன் கூடுதலாகப் போகிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நோய் வரலாம், வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்திருந்தால் 30 நாளுக்குள் பரிசோதித்தே ஆகவேண்டும், ரொம்பச் சின்னப் பிள்ளையென்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. 41 நாள் கழியட்டும், பிறகு பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நோய் முற்றியது தெரிந்தால் லேசரோ ஊசியோ இரண்டு மூன்று நாளைக்குள் நடக்க வேண்டும், ஆரல்வாய்மொழியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கும் அதே கெடுதான்.