கொள் ஊதியவர்கள்

அவைக்கு வணக்கம். ஊர் வாத்தியக் குழுக்களின் வரலாறு என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அழைப்பிதழைப் பார்த்த ஒரு நண்பர், "வெள்ளைக்காரர் காலத்து பாண்டு வாத்தியம் பற்றித்தானே?" என்று கேட்டார். இல்லை. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த நீலகிரி மலையேறி வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே ஒரு முழு வாத்தியக் குழு இருந்தது. அந்தக் குழுவுக்கு உரியவர்கள் இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்கள். நாம் உட்கார்ந்திருக்கும் கோத்தகிரியின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள்.

ஏழு ஊர்க்காரர்கள் அவர்கள். இரும்படித்தார்கள், பானை வனைந்தார்கள், மரம் இழைத்தார்கள், தோல் பதப்படுத்தினார்கள். இதே மலையில் வாழும் தோதவருக்கும் படுகருக்கும் வேண்டிய அரிவாள், சட்டி, கயிறு எல்லாம் இவர்கள் கைவேலை. கூடவே இசையும். படுகர் வீட்டில் சாவு விழுந்தால் கோத்தருக்குச் சொல்லி அனுப்புவார்கள்; அவர்கள் வந்து ஊதினால்தான் காரியம் நடக்கும். கூலியாகத் தானியம் கிடைக்கும். தோதவர் சாவில் பலியிட்ட எருமையின் உடல் கிடைக்கும்.

குழுவின் உயிர் 'கொள்'. சீவாளி வைத்து ஊதுகிற குழல். நாதஸ்வரத்துக்கு உறவு, ஆனால் குட்டை. ஊதுகிறவரின் கன்னத்தைப் பாருங்கள், பந்துபோல உப்பியே இருக்கும். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயிலிருக்கும் காற்றைத் தள்ளுவதால் ஒலி நடுவில் அறுவதே இல்லை. பக்கத்தில் 'கொப்' என்ற வளைந்த பித்தளைக் கொம்பு. அப்புறம் 'டோபர்', 'கிண்வர்' என்று இரண்டு மத்தளங்கள், 'தபட்க்' என்ற வட்டப்பறை. நம் மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும் அல்லவா? அதனால் சருகைக் கூட்டித் தீ மூட்டி, பறையைக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி முறுக்கேற்றுவார்கள். கச்சேரி உண்மையில் அந்தத் தீயருகில்தான் தொடங்குகிறது.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு கோத்தப் பெரியவரை அழைத்தேன். எங்கோ ஒரு சாவு வீட்டில் கேட்டு மனத்தில் நின்றுவிட்ட மெட்டை முனகிக் காட்டி, "ஐயா, இதை ஊதுங்கள்" என்றேன். அவர் கொள் குழலை மடியில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர்களுடைய இசையில் சாமி மெட்டு வேறு, ஆட்ட மெட்டு வேறு, சாவு மெட்டு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று வரக் கூடாது. நானோ குழந்தைகள் ஆடுவதற்குச் சாவு மெட்டைக் கேட்டிருக்கிறேன்!

இனிமேல்தான் கசப்பான பகுதி. 1930-களில் படுகர்களிடையே சீர்திருத்த அலை எழுந்தது. கோத்தர் இசை வேண்டாம் என்று ஒரு சாரார், வேண்டும் என்று ஒரு சாரார். ஊருக்கு ஊர் கட்சி கட்டிச் சண்டையிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே வந்து தங்கிய மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இதைப் பதிவு செய்திருக்கிறார். மேடைகளில் இந்தக் கதை பாதியோடு நின்றுவிடுகிறது: படுகர் கைவிட்டார்கள், கோத்தர் இசை நலிந்தது என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிறர் வாசலில் நின்று ஊதுவது தங்களைத் தாழ்த்துகிறது என்று கோத்தர்களும் நினைத்தார்கள், அவர்களும்தான் விலகினார்கள். வேலை போயிற்று என்பது மட்டும் வரலாறு அல்ல. வேலையை விட்டார்கள் என்பதும் வரலாறு.

விட்ட பிறகு அந்த இசை எங்கே போனது? வெளியே ஊதுவது குறைந்ததே தவிர, கொள் அவர்கள் வீட்டுப் பரணில் ஏறவில்லை. தங்கள் தெய்வத்துக்கும் தங்கள் இறப்புக்கும் தாங்களே ஊதிக்கொண்டார்கள். இன்றைக்கும் வங்கியில் வேலை பார்க்கிறவர், தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர் என்று யாராக இருந்தாலும், திருவிழா வந்தால் ஊருக்கு வந்து பறையைக் கையில் எடுக்கிறார்.

மார்கழி, தை வாக்கில் கோத்தர்களின் தெய்வமான கம்பட்டராயர் திருவிழா நடக்கும். ஆண்கள் வட்டமாக ஆடுவார்கள். பிறகு பெண்கள் ஆடுவார்கள். போக நினைப்பவர்கள் முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள். எந்த நாளில் வெளியாட்கள் வரலாம், எதுவரை வரலாம் என்று அவர்களே சொல்வார்கள். செருப்பை ஊர் எல்லையிலேயே கழற்றிவிடுங்கள். இன்ன மெட்டை ஊதுங்கள் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.