காட்டுப்பழங்களும் 100 கிராம் கணக்கும்

(வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம். நெல்லிக்காயில் வைட்டமின் சி எவ்வளவு என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் 600 மில்லிகிராம் என்பீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவுச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு அப்படித்தான் இருந்தது. அதே நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 252. நெல்லி இளைத்துவிட்டதா என்ன? ரகம், பருவம், பறித்து எத்தனை நாளானது, எந்த முறையில் அளந்தார்கள் என எல்லாமே எண்ணை மாற்றும். காட்டு மரம் என்றால் கேட்கவே வேண்டாம், மரத்துக்கு மரம் குணம் வேறு. 252 என்றே வைத்தாலும் ஆரஞ்சைவிடப் பல மடங்குதான்.

இலந்தைக்கு வருவோம். பழுத்த இலந்தையில் வைட்டமின் சி தாராளம். அதையே காயவைத்து, வெல்லம், புளி, மிளகாய், பெருங்காயம் சேர்த்து இடித்து வடையாகத் தட்டினால் கணக்கே மாறிவிடும். நீர் வற்றியதால் 100 கிராமில் சர்க்கரையும் தாதுக்களும் ஏறியிருக்கும். வெயிலில் கிடந்ததால் வைட்டமின் சி குறைந்திருக்கும். உலர்பழப் பொடி விற்பவர்கள் ‘தாது பல மடங்கு’ என்று அடித்துச் சொல்வதன் சூட்சுமம் இவ்வளவுதான். நீரை எடுத்தார்கள், வேறொன்றும் சேர்க்கவில்லை.

அப்புறம் நாவல் பழம். தின்றதும் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அது டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. உமிழ்நீரில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்கிறது. குடலில் இரும்பையும் பிடிக்கும். ஆகவே நாவலில் எவ்வளவு இரும்பு என்று பார்ப்பதோடு, உடம்பு எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்க வேண்டும். கொடுக்காப்புளி இதற்கு நேர்மாறு: அதிலுள்ள வைட்டமின் சி, கூடவே சாப்பிடும் தானியத்தின் இரும்பு உடம்பில் சேர உதவும்.

2017 அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. பெரும்பாலும் சந்தைகளில் வாங்கிச் சோதித்தவை. சந்தைக்கு வராத காரைப்பழம், சூரைப்பழம் எல்லாம் அதில் எப்படி இருக்கும்? மாணவர்கள் வந்திருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அயோடின் கரைசலும் கஞ்சித் தண்ணீரும் இருந்தால் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே வைட்டமின் சி-யைத் தோராயமாக அளக்கலாம். பழச்சாற்றில் கஞ்சி கலந்து அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் தீர்ந்ததும் நீலம் மறையாமல் நிற்கும். நாவலை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கருஞ்சாற்றில் எந்த நீலத்தைக் கண்டுபிடிப்பது?