பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்க்கை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

[காட்சி: ஓடும் காரின் உட்புறம், ஸ்டியரிங் மேல் இரண்டு கைகள்]

வண்டி 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் லேசாக நடுங்குகிறது. இன்னொரு வண்டியில் நேராக ஓடும்போது ஒன்றுமே இல்லை, பிரேக்கில் கால் வைத்த உடனே கிடுகிடுவென்று உதறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் போய் இரண்டையும் "ஸ்டியரிங் ஆடுது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் காரணம் வேறு, பார்க்க வேண்டிய வேலையும் வேறு. அதனால் எதையும் கழற்றும் முன்பு, எந்த வேகத்தில் ஆடுகிறது, பிரேக் பிடிக்கும்போது மட்டுமா, கையில் தெரிகிறதா அல்லது சீட்டில் தெரிகிறதா என்று ஒரு நாள் கவனித்து ஓட்டுங்கள். பாதி கோளாறு அங்கேயே பிடிபட்டுவிடும்.

பிரேக்கைத் தொடாமலே, 80-க்கு மேல் ஆரம்பித்து 110 வாக்கில் குறைந்தும் போகிறது என்றால் முதல் சந்தேகம் வீல் பேலன்சிங் மேல்தான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. அதைச் சமன் செய்யத்தான் ரிம்மில் சின்ன எடைகளை ஒட்டுவார்கள். 15 அங்குல ரிம்மில் ஒட்டியிருந்த 20 கிராம் எடை கழன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு சுமார் 14 முறை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 3 கிலோ எடையைக் கட்டி இழுப்பது போன்ற விசை அச்சைத் தள்ளும். 20 கிராம்தானே என்று விட முடியாது. ரிம்மின் உள்பக்கம் காய்ந்து அப்பியிருக்கும் சேறும் இதே வேலையைச் செய்யும், அதனால் பேலன்சிங்குக்கு முன் கழுவச் சொல்லுங்கள். பேலன்ஸ் செய்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லையா, சக்கரத்தை மிஷினில் சுற்றவிட்டுப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள்: ரிம் வளைந்திருந்தால் விளிம்பு அலை போல ஆடும். டயரின் பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் அந்த டயரை ஓட்டவே கூடாது, அது வெடிக்கக் காத்திருக்கும் டயர்.

இதோடு அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, குழப்பிக்கொள்ளாதீர்கள். அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கம் பெரும்பாலும் அதனால் வருவதில்லை.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டான ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும்.

[காட்சி: ஸ்டாண்டில் நிற்கும் கார், முன் சக்கரம் கழற்றப்பட்டிருக்கிறது]

சரி, இப்போது பிரேக் பிடிக்கும்போது வரும் உதறலுக்கு வருவோம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு; பிரேக் மிதித்தால் காலிப்பர் என்ற கவ்வி அதன் இரு பக்கமும் பேடுகளை அழுத்திப் பிடிக்கும். இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

என் வண்டியில் இந்தக் கோளாறு வந்தபோது "டிஸ்க் வளைஞ்சிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினேன். வண்டி பூப்போல நின்றது. ஆறேழு ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும், அதே உதறல் திரும்ப வந்தது. மறுபடியும் டிஸ்க் என்றார்கள். அப்போதுதான் பக்கத்தில் நின்று கழற்றச் சொல்லிப் பார்த்தேன். டிஸ்க் பளபளவென்று இருக்கிறது, அதை எடுத்தால் பின்னால், டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் ஹப்பின் முகம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு. நகத்தால் சுரண்டினால் பொருக்காக உதிர்கிறது. புது டிஸ்க்கை அந்தத் துருவின் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள்.

அந்தத் துரு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் துளி கூடுதலாக இருந்தாலும் டிஸ்க் நேராக உட்காராது. நடுவில் இருக்கும் சின்னச் சாய்வு டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது பெரிதாகிவிடும். விளிம்பருகே டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள் காட்டி அளக்கும் கருவி) வைத்து டிஸ்க்கைச் சுற்றினால் பல கார்களுக்கு அனுமதிக்கப்படும் ஆட்டம் 0.05 மி.மீ. வாக்கில்தான் இருக்கும். நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிமன் 0.1 மி.மீ.; அதில் பாதி! அதற்கு மேல் ஆடும் டிஸ்க், நீங்கள் பிரேக்கே தொடாமல் ஓட்டும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். உரசும் இடம் மெல்லத் தேயும். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க் ஓரிடத்தில் தடிப்பும் ஓரிடத்தில் மெலிவுமாக ஆகிவிடும். பிறகு பிரேக் பிடித்தால் தடித்த இடம் வரும்போதெல்லாம் பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும், அதுதான் உங்கள் கையில் உதறலாக வருகிறது. அதாவது சூட்டில் அப்பளம் போல டிஸ்க் வளைவது அபூர்வம். தடிமன் மாறுவதுதான் பெரும்பாலும் நடப்பது. பொருத்திய அன்றைக்கு நன்றாக இருந்து பிறகு கெட்டுப்போவதற்கும் காரணம் இதுதான்.

அதனால் டிஸ்க்கைக் கழற்றினால், அது புதிதோ பழையதோ, ஹப் முகத்தை வயர் பிரஷ் போட்டு உலோகம் தெரியும் வரை தேயுங்கள். போல்ட்டைச் சுற்றி இருக்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். டிஸ்க்கின் உள்முகத்தையும் துடையுங்கள். பொருத்திய பிறகு எல்லா நட்டுகளையும் போட்டு இறுக்கி, டயல் கேஜில் பாருங்கள். அதிகமாக ஆடினால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளிப் பொருத்திப் பார்த்தாலே பல நேரம் சரியாகிவிடும். காலிப்பரைக் கழற்றி வைக்கும்போது ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

[காட்சி: ஐந்து நட்டுகள், நட்சத்திர வரிசையில் எண்கள்]

நட்டு இறுக்குவதிலும் கவனம் வேண்டும். ஏர் கன்னை வைத்து ஒரே மூச்சில் வட்டமாக முறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் ஒரு பக்கம் அழுந்தும். ஒன்றுக்கு எதிரே ஒன்று என்று மாற்றி மாற்றி, இரண்டு மூன்று தவணையாக, கடைசியில் இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து உங்கள் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். பஞ்சர் பார்த்து வந்த பிறகு உதறல் ஆரம்பித்தது என்றால் முதலில் நட்டுகளைத் தளர்த்தி முறையாக இறுக்கிப் பாருங்கள்.

உதறல் கையில் இல்லாமல் சீட்டிலும் தரையிலும் தெரிந்தால் பின் பிரேக்கைச் சந்தேகப்படுங்கள். கேபிள் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டி என்றால், ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் பட்டனை அமுக்கியபடியே மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் பின் டிரம்மோ டிஸ்க்கோதான். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் இதை முயற்சி செய்ய வேண்டாம். அப்புறம், வழுக்கும் சாலையில் திடீரென்று பலமாக மிதிக்கும்போது பெடல் கடகடவென்று காலைத் தட்டினால் பயப்படாதீர்கள், அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருங்கள்.

பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெரும்பாலும் காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் காய்ந்து இறுகியிருக்கும். கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் கிரீஸைப் போட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், சில மாதத்தில் இன்னும் மோசமாக இறுகும்.

பெடல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் பழசு. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 (DOT 4) என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பல கார்களுக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சிக்னலில் மிதித்து நிற்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், கோளாறு மாஸ்டர் சிலிண்டரில், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம் அது. கல் போல இறுகியிருந்தால், மிதிக்கும் விசையைப் பெருக்கும் பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள்: இன்ஜினை அணைத்து நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே போனால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது.

எல்லாம் முடிந்து புது டிஸ்க், புது பேட் போட்டிருந்தால், நகர்வதற்கு முன் பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக வையுங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பருக்குள் பின்னால் போயிருக்கும், முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிறகு காலிச் சாலையில் 50-லிருந்து 10 வரை நிதானமாக ஒரு பத்து முறை வேகம் குறையுங்கள், நடுவில் முழுசாக நிறுத்தி பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். நூறு கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சை எடுத்து நட்டுகளை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.